ரீகோடிங் வெறும் ஆணி பிடுங்குற வேலையா?

டேட்டா வேலையில் பொட்டி தட்டும் நம்ம மக்கள் நிறைய பேருக்கு ஒரு நினைப்பு. மாடல் போடுவதுதான் மூளை வேலை. அதற்கு முன் டேட்டாவைச் சரி பண்ணுவது வெறும் ஆணி, புதுசாகச் சேர்ந்த பையனிடம் தள்ளிவிடலாம் என்று. எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை. பாதி முடிவு அங்கேயே எழுதப்பட்டு விடுகிறது.

இந்த ஆணியில் இரண்டு ரகம். ஒன்று, ரீஷேப். மாநிலத்துக்கு ஒரு நெடுவரிசை என்று அகலமாகக் கிடக்கும் அட்டவணையை, ஒவ்வொரு மொழிக்கும் மாநிலத்துக்கும் ஒரு வரி என்று நீளமாக்குவது. ஆர் மொழியில் 'பிவட் லாங்கர்' ஒரே வரியில் முடித்துவிடும், 'பிவட் வைடர்' திருப்பிக் கொடுத்துவிடும். வேட்டியைப் பிரித்து மடிக்கிற மாதிரி, துணி குறையாது. முன்னும் பின்னும் கூட்டுத்தொகை ஒன்றா என்று பார்த்தாலே பெரும்பாலான தப்பு தெரிந்துவிடும்.

இன்னொன்று, ரீகோட். பல பதில்களை ஒரே பெயரில் அடைப்பது. இது இட்லி மாவு. அரைத்த பிறகு அரிசி வேறு, உளுந்து வேறு என்று பிரிக்க முடியாது. கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும், எர்ரரும் வராது. அதுதான் ஆபத்து.

உதாரணம் வேண்டுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'தாய்மொழி என்ன?' என்ற கேள்விக்கு வந்த பதில்கள் 19,569 விதம். அதைச் சீர்படுத்தி 1,369 தாய்மொழிகள் ஆக்கினார்கள். 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாமல் நின்றன. பிறகு 10,000 பேராவது பேசும் மொழிகள் என்று 121-க்குள் அடக்கினார்கள். அதில் 'இந்தி' 52.83 கோடி, அதாவது 43.63%. ஆனால் இந்தி என்றே பெயர் சொன்னவர்கள் 32.22 கோடிதான், சுமார் 26.6%. மீதி? போஜ்புரி மட்டும் 5 கோடிக்கு மேல். ராஜஸ்தானி இரண்டரைக் கோடி. இன்னும் பல. ஒரு ரீகோட், 17 சதவீதப் புள்ளி வித்தியாசம்!

கணக்கெடுப்புத் துறையை நான் குறை சொல்லவில்லை. தொகுத்த எண்ணோடு உள்ளே இருக்கும் தாய்மொழிகளையும் சி-16 அட்டவணையில் தருகிறார்கள். மேல் வரியை மட்டும் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறவர்களோடுதான் சண்டை.

நாம் கற்க வேண்டியதும் அதுதான். மூல நெடுவரிசை மேல் கை வைக்காதீர்கள், புதுசில் எழுதுங்கள். நூறு 'இஃப்எல்ஸ்' அடுக்குவதை விட, 'பழைய பெயர் – புதிய பெயர்' என்று தனி அட்டவணை போட்டு இணையுங்கள். ஆர் தெரியாதவரும் அதைப் படித்துச் சண்டை போடலாம். 'மற்றவை'க்குள் யார் யார் போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று அறிவித்திருக்கிறார்கள். 'பையன் வெளியில் இந்திதான் பேசுறான்' என்று தாய்மொழி இடத்தில் இந்தியைச் சொல்லாதீர்கள். 2011 விதிப்படி தாய்மொழி என்பது சிறுவயதில் அம்மா பேசிய மொழி. தெரிந்த மற்ற மொழிகளுக்குத் தனிக் கேள்வியே இருந்தது. தொகுப்பதைப் பிறகு யாராவது செய்துகொள்ளட்டும், மூலப் பதிலாவது சரியாக இருக்கட்டும்.

இந்த முறை சாதியும் கேட்கப் போகிறார்கள். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கு மேல் சாதிப் பெயர்கள் வந்ததாக மத்திய அரசே 2021-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எழுத்து வேறுபாடு, உட்பிரிவு, குடும்பப் பெயர் எல்லாம் கலந்து. இதை யாரோ ரீகோட் செய்யத்தான் வேண்டும். எந்தப் பெயர் எதற்குள் போனது என்ற பட்டியலை எண்களோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கட்சி என்ன?

டிஸ்கி: இந்தியை மட்டும் சொல்கிறான் என்று கிளம்பாதீர்கள். அதே அட்டவணையில் 'தமிழ்' என்ற தலைப்பின் கீழ் எருகலா, கைக்காடி எல்லாம் இருக்கின்றன. அவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ!