வைஃபை பாஸ்வேர்டா, செல் நம்பரா?

புது பிராட்பேண்ட் கனெக்‌ஷன் போடுற வீடுகள்ல ஒரு சடங்கு நடக்குது. ரவுட்டர் மாட்ட வர்ற தம்பி கடைசியா, "சார், பாஸ்வேர்டு உங்க செல் நம்பரே வச்சிடட்டுமா? மறக்காது" என்பார். வீட்டுக்காரரும் தலையாட்டிடுவார். பொட்டி தட்டுற நம்மாளுங்க வீட்லயும் இதே கதைதான் மக்களே. செல் நம்பர் ஒரு பாஸ்வேர்டே இல்லைங்கிறது என் கட்சி.

ஏன்னு ஒரு சின்ன கணக்கு போடுவோம். டபிள்யூபிஏ2-ல உங்க அடாப்டர் ரவுட்டரோட சேரும்போது ரெண்டும் நாலு மெசேஜ் பரிமாறிக்கும். பாஸ்வேர்டு அதுல நேரடியா போகாது. ஆனா அந்த நாலையும் காத்துல பிடிச்சு வச்சுக்கிட்டவன், தன் வீட்டுக்குப் போய் ஒவ்வொரு பாஸ்வேர்டா போட்டு நிதானமா சரிபார்க்கலாம். உங்க ரவுட்டருக்கு எதுவும் தெரியாது.

அவனை மெதுவாக்கத்தான் ஒவ்வொரு முயற்சிக்கும் 4096 சுற்று கணக்கு வச்சிருக்காங்க. இருந்தும் இன்னைக்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு பத்து லட்சம் முயற்சியைத் தாண்டிடும். நம்ம நாட்டு செல் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9-லதான் ஆரம்பிக்கும். மொத்தம் 400 கோடி. வகுத்துப் பாருங்க: 4000 விநாடி. ஒரு மெகா சீரியல் ரெண்டு எபிசோடு முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்.

"என்கிட்ட திருட என்ன இருக்கு? நெட் யூஸ் பண்ணிட்டுப் போகட்டுமே"ன்னு ஒரு தாராள மனசு வரும். 2008 ஜூலை 26 ஞாபகம் இருக்கா? அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு சில நிமிடம் முன்னாடி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்துச்சு. தடம் பிடிச்சுப் போன போலீஸ் நின்ன இடம், நவி மும்பையில ஒரு அமெரிக்கர் வீடு. அவரோட பூட்டாத வைஃபையை வேற யாரோ பயன்படுத்தியிருந்தாங்க. கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போனது அவர் வீட்லதான். ஐபி முகவரி வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது.

சரி, செய்ய வேண்டியது என்ன?

ரவுட்டர் செட்டிங்ஸ்ல டபிள்யூபிஏ3 இருந்தா அதையே போடுங்க. 2018-ல வந்த இது, மேலே சொன்ன வீட்டுல உட்கார்ந்து ஊகிக்கிற வேலையை அடைச்சிடுது. இல்லைன்னா டபிள்யூபிஏ2, அதுவும் ஏஇஎஸ் மட்டும். சம்பந்தமில்லாத நாலஞ்சு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து பாஸ்வேர்டு ஆக்குங்க. 63 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, கஞ்சத்தனம் வேண்டாம். டபிள்யூபிஎஸ்-ஐ அணைச்சிடுங்க. அதோட எட்டு இலக்க பின்னை உடைக்க சுமார் 11,000 முயற்சி போதும்னு 2011-லயே காட்டிட்டாங்க.

பேரை மறைச்சு வைக்கிறது, மேக் ஃபில்டர் போடுறது ரெண்டும் மனத்திருப்திக்கு. மேக் முகவரி காத்துல மறைப்பில்லாமதான் போகுது. காப்பி அடிக்க எவ்வளவு நேரமாகும்?

கடைசியா ஒரு பழக்கத்தைச் சொல்லியே ஆகணும். வீட்ல ஒரு ஓல்டு யுஎஸ்பி அடாப்டர் கனெக்ட் ஆகலைன்னு ரவுட்டரையே டிகேஐபி-க்கோ வெப்-க்கோ இறக்கிடுறாங்க. வெப்போட ஓட்டை 2001-லயே வெளிய வந்தாச்சு, 2007-ல ஒரு நிமிஷத்துக்குள்ள உடைச்சே காட்டிட்டாங்க. அதுவும் போக, இந்தப் பழைய முறைகள்ல வேகமும் 54 எம்பிபிஎஸ்-க்கு மேல ஏறாது. 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு காசு கட்டிட்டு இது தேவையா? முதல்ல அந்த அடாப்டருக்கு டிரைவர் அப்டேட் பண்ணிப் பாருங்க. முடியலைன்னா அடாப்டரை மாத்துங்க, பூட்டை மாத்தாதீங்க.

பி.கு: விருந்தாளி கேட்டா பாஸ்வேர்டு சொல்றது கஷ்டம்னு சொல்றவங்களுக்கு, கெஸ்ட் நெட்வொர்க்குன்னு ஒண்ணு பல ரவுட்டர்ல சும்மா தூங்குது. எழுப்பி விடுங்க :-)