கரண்ட் இல்லாத இரவில் எச்சரிக்கை எப்படி வரும்?



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலைநாட்டில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் முதலில் போவது கரண்ட்தான். ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் போதும், டிவிஷன் முழுவதும் இருட்டாகிவிடும். பாதையும் உடைந்துவிட்டால் மின்சார சபையின் ஆட்கள் தோட்டத்துக்குள் வர நாட்கணக்காகும். லயத்து மக்களுக்கு இருட்டு பழக்கம்தானே, எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று நிர்வாகமும் அதிகாரிகளும் நினைக்கிறார்கள்.

சமாளிக்கிறோம், உண்மைதான். குப்பி லாம்பு வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நம்மில் நிறையப்பேர். ஆனால் இன்றைக்குக் கரண்ட் போனால் வெளிச்சம் மட்டும் போவதில்லை. மண்சரிவு எச்சரிக்கையும் அதோடு போய்விடுகிறது. இதைத்தான் நாம் பேச வேண்டும்.

எச்சரிக்கை எப்படி வருகிறது என்று பாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டமாக அதை விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அது டீவியிலும் போனிலும் வருகிறது. பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் வழியாகவும் வருகிறது. கரண்ட் போன முதல் இரவே டீவி இல்லை. அடுத்த நாள் போனில் சார்ஜ் இல்லை. டவரின் பற்றரியும் இறங்கிவிட்டால் கிராம உத்தியோகத்தர் அழைத்தாலும் யாருக்கும் கேட்காது. எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் அது வரும் வழி அடைபடுகிறது.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் இதைக் கண்ணால் கண்டோம். நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. கரண்டும் இல்லை, போனும் இல்லை, பக்கத்துத் தோட்டத்தில் என்ன நடந்தது என்றுகூடத் தெரியாமல் மக்கள் இருந்தார்கள். எச்சரிக்கைகள் தமிழில் போதுமான அளவு வரவில்லை என்ற முறைப்பாடும் பரவலாக எழுந்தது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழிதான். உயிர் காக்கும் செய்தியையாவது நமது மொழியில் தாருங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

கொஸ்லாந்தை மீரியாபெத்தையையும் மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். போக வேறு இடம் இருக்கவில்லை. காதில் விழாத எச்சரிக்கையால் பயனில்லை. போக இடமில்லாதவனுக்குச் சொல்லும் எச்சரிக்கையாலும் பயனில்லை.

ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் நாம் கேட்க வேண்டியவை இவை.

முதலாவது, கரண்ட் இல்லாமலே கேட்கும் ஒரு சத்தம். பெரட்டுக்கு நேரத்துக்கு வரச் சொல்லித் தப்பு அடித்த தோட்டங்கள் இவை. வேலைக்கு அழைக்க வழி இருந்தால் உயிர் தப்ப அழைக்கவும் வழி இருக்க வேண்டும். பெக்டரி சங்கை ஜெனரேட்டரில் ஊதலாம். பெக்டரிக்குத் தூரமான டிவிஷனில் கோயில் மணியோ தப்போ போதும். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், யார் அடிப்பது என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, பெக்டரியிலோ பங்களாவிலோ ஜெனரேட்டர் ஓடும்போது டிவிஷனுக்கு ஒரு போனையாவது அங்கே சார்ஜ் பண்ண விட வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்க அந்த ஒரு போன் போதும்.

மூன்றாவது, டிவிஷனுக்கு ஒரு மழைமானி. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டிய பிறகும் பெய்தால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். இதைப் பார்க்க கரண்ட் தேவையில்லை, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை போதும்.

நான்காவது, இரவில் கதவு திறந்திருக்கும் ஓர் இடம். பாடசாலையோ, பிள்ளை மடுவமோ, கோயில் மண்டபமோ, ஆபத்தில்லாத நிலத்தில் இருக்க வேண்டும். சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் நம் வீட்டுக்குள் நாமே பார்க்க வேண்டியதும் உண்டு. லயம் ஒரே கூரை. ஒரு காம்பராவில் மெழுகுதிரி சாய்ந்தால் வரிசை முழுவதும் எரியும். லாம்பை அணைக்காமல் தூங்க வேண்டாம். விழுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இல்லையென்று யார் சொன்னாலும் கிட்டப் போகாமல் 1987க்குச் சொல்லுங்கள். சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய அல்லது நின்றுபோன ஊற்று, இவற்றைக் கண்டால் சங்குக்காகக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே இறங்குங்கள்.

இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை என்று கம்பனி சொல்லும். தோட்டம் கம்பனியின் கையில் என்று அரசாங்கம் சொல்லும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட நாளிலிருந்து இந்தப் பந்து இப்படித்தான் உருட்டப்படுகிறது. மலை சரியும்போது அது யாருடைய நிலம் என்று பார்த்துச் சரிவதில்லை. ஆபத்தில்லாத இடத்தில் சொந்தக் காணியும் தனி வீடும் கிடைப்பதே நிரந்தரத் தீர்வு, அந்தப் போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் அதுவரை ஒரு சங்கும், ஒரு மழைமானியும், ஒரு திறந்த கதவும் கேட்பதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே இதை எழுத்தில் கொடுத்து, துரையிடம் கையொப்பத்தோடு பதில் வாங்குங்கள். அடுத்த பெருமழைக்கு முன் அந்தச் சங்கை ஒரு முறையாவது ஊதிப் பார்த்திருக்க வேண்டும்.