லைட்டுக்கு முன் ட்ரிப் சுவிட்ச்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக்குள் நாற்று, சலாது, காளான் வளர்க்கிறவர்களும் வளர்க்க யோசிக்கிறவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

2022 நெருக்கடி நேரம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தார்கள். முற்றம் இருந்தவர்கள் முற்றத்தில் நட்டார்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டி வீடு கட்டியிருக்கிற ஊர்களில் நிறையப் பேருக்கு முற்றமே இல்லை. அவர்களுக்குப் பின் அறையும் மாடிப்படிக்குக் கீழுள்ள இடமும்தான் தோட்டம். வெயில் வராத இடத்துக்கு எல்.ஈ.டி. லைட், காற்று ஓட ஒரு ஃபேன், தண்ணீர் தெளிக்க ஒரு சின்னப் பம்ப். பெரும்பாலும் இதை நடத்துகிறவர்கள் உம்மாமாரும் தங்கச்சிமாரும்தான். வீட்டில் இருந்தபடியே நாலு காசு உழைக்கிறார்கள். இதை நாங்கள் மனதாரப் பாராட்டுகிறோம்.

எங்கள் கவலை அந்த அறைக்குள் போகிற வயரைப் பற்றியது.

லைட்டுக்கும் தட்டுக்கும் விதைக்கும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறோம். வயரிங் என்று வந்ததும் மீதிச் சல்லியில் முடிக்கப் பார்க்கிறோம். ஹோலில் இருந்து ஒரு மல்டி பிளக்கை இழுத்து, அதிலிருந்து இன்னொன்றை இழுத்து, இடையில் டேப் சுற்றி வேலையை ஒப்பேற்றி விடுகிறோம். எங்கள் கருத்து இதுதான்: ஒழுங்கான ஏர்த்தும் வேலை செய்கிற ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீட்டில் இந்த அறையை ஆரம்பிக்கவே கூடாது.

ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்ப்போம். 18 வோற்று எல்.ஈ.டி. டியூப் நாலு, 72 வோற்று. 50 வோற்று சுவர் ஃபேன் இரண்டு, 100. காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன் 40. பம்ப் 20. மொத்தம் 232 வோற்று. எங்கள் நாட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. பிரித்தால் கிட்டத்தட்ட 1 அம்பியர். கரண்ட் கேத்தல் ஒன்று மட்டும் 8 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆகவே “இந்த லைட்டெல்லாம் என்ன பெரிய கரண்ட்” என்று சொல்கிறவர்கள் சொல்வது உண்மைதான். ஆபத்து லோடில் இல்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கேத்தல் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். இந்த லைட்டுகள் நாளுக்கு 12 தொடக்கம் 16 மணித்தியாலம், மாதக்கணக்கில் எரிகின்றன. இறுக்கமில்லாத ஒரு மூட்டு ஒவ்வொரு நாளும் சூடாகி ஆறி, மெல்ல மெல்லக் கருகும். அதோடு அறை முழுக்க ஈரம். தரையில் தண்ணீர், கையில் தண்ணீர், காலில் செருப்பில்லை. ஈரமான உடம்பு மின்னோட்டத்துக்குத் தருகிற தடை காய்ந்த உடம்பை விட மிகக் குறைவு. சாப்பாட்டு அறையில் ஒரு சின்ன அதிர்ச்சியோடு போகிற விஷயம், இந்த அறையில் உயிரை எடுக்கலாம்.

“போர்டில் ப்ரேக்கர் இருக்கிறதுதானே” என்று கேட்பீர்கள். இந்தக் குழப்பம் படித்தவர்களிடமும் இருக்கிறது. ப்ரேக்கர் வயரைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்டது, ஆளைக் காப்பாற்றுவதற்காக அல்ல. லைட் சுற்றுக்குப் போடுகிற 6 அம்பியர் ப்ரேக்கர், 6 அம்பியரைத் தாண்டினால்தான் விழ யோசிக்கும். மனித உடம்பில் 10 மில்லி அம்பியரைத் தாண்டினாலே கை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 30 மில்லி அம்பியர் என்பது 0.03 அம்பியர். 6ஐ அதனால் பிரித்துப் பாருங்கள், 200 வரும். ஒருவரைக் கொல்லப் போதுமான மின்னோட்டத்தின் 200 மடங்கு வரை அந்த ப்ரேக்கர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

ட்ரிப் சுவிட்ச் செய்கிற வேலை வேறு. லைவ் வயரால் போன மின்னோட்டம் முழுதாக நியூட்ரலால் திரும்பி வருகிறதா என்று அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 0.03 அம்பியர் குறைந்தால், எங்கோ ஒழுகுகிறது என்று கண் மூடித் திறப்பதற்குள் வெட்டிவிடும். உங்கள் போர்டில் அதன் முகப்பில் 0.03 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விஷயத்தையும் மறக்க வேண்டாம்: ஒரே நேரத்தில் லைவையும் நியூட்ரலையும் தொட்டால் ட்ரிப் சுவிட்சாலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் திறந்த மூட்டுகள் கூடாது என்கிறோம்.

ட்ரிப் சுவிட்ச் இருந்தால் ஏர்த் எதற்கு? ஃபேனின் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறிவிட்டது என்று வையுங்கள. ஏர்த் வயர் இருந்தால், ஏறிய அந்தக் கணமே அது நிலத்துக்கு ஒழுகும், ட்ரிப் விழும். யாரும் தொடவே தேவையில்லை. ஏர்த் இல்லாவிட்டால், ஒழுகுவதற்கு ஓர் ஆள் வந்து தொடும் வரை ட்ரிப் காத்திருக்கும். அந்த ஆள் யார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் எங்கள் வீடுகளில் ஏர்த்துக்கு என்ன நடக்கிறது? மூன்று துளை பிளக் பொயின்டில் மேல் துளைக்குள் பேனா மூடியையோ ஈர்க்குக் குச்சியையோ குத்தி, இரண்டு முனை பிளக்கைத் திணிக்கிறோம். அந்த மூடி ஏன் வைத்தார்கள்? ஏர்த் முனை முதலில் நுழைந்தால்தான் மற்றத் துளைகள் திறக்க வேண்டும் என்பதற்காக. பொறியியலாளர்கள் யோசித்து வைத்த பூட்டை ஓர் ஈர்க்குக் குச்சியால் திறந்துவிட்டு, கெட்டித்தனம் என்று சிரிக்கிறோம். பிள்ளைகளும் பார்த்துப் பழகுகிறார்கள்.

ஒரு விபத்து நடந்தால் கத்ர் என்று சொல்லி ஜனாஸாவுக்குப் போய் வருகிறோம். கத்ரை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஏர்த் வயர் வேண்டாம், செலவு கூடும் என்று வயரிங் பாஸிடம் சொன்னது யார் என்ற கேள்வியும் இருக்கிறதுதானே.

சல்லி இல்லை என்பது உண்மையான பிரச்சினை. விலைவாசி எங்களுக்கும் தெரியும். அப்படியானால் லைட் வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். சலாது காத்திருக்கும்.

ட்ரிப்பும் ஏர்த்தும் சரி என்றால் மீதி வேலை அவ்வளவு கஷ்டமில்லை. அந்த அறைக்குத் தனியாக ஒரு வயர் இழுத்து, பிளக் பொயின்டைத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். மல்டி பிளக் தரையில் கிடக்கக் கூடாது. லைட்டில் இருந்து வருகிற வயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு வளைந்து மேலே ஏறட்டும். வயர் வழியே வடிகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். லைட்டையும் ஃபேனையும் அவற்றின் வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். டேப் சுற்றுவதற்குப் பதிலாக மூடிய பெட்டிக்குள் கனெக்டர் போடுங்கள். சுவிட்ச் லைவ் வயரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் லைட் அணைந்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கிற பியூஸையும் பாருங்கள். லைட்டின் மெல்லிய வயருக்கு 13 அம்பியர் பியூஸ் காவலே இல்லை. 3 அம்பியர் பியூஸ் கேட்டு வாங்குங்கள், அது 690 வோற்று வரை தாங்கும். பூட்டில் கை வைக்க முன் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

போர்டுக்குள் செய்கிற வேலையை மட்டும் வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். தகுதியுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.

அந்தத் தகுதியுள்ளவர் எங்கே என்றால், அங்கேதான் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து ஒரு கேள்வி இருக்கிறது. “ஓ.எல். சரிவரவில்லையா, வயரிங் பழகட்டும்” என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம்! குடும்பத்தின் உயிரைக் கையில் கொடுக்கிற தொழிலை, படிப்பு ஏறாத பிள்ளைக்கு மிச்சமாகக் கிடைக்கிற தொழில் என்று நினைக்கிறோம். பிறகு அந்தப் பிள்ளை இரண்டு வருடம் யாரோ ஒருவரின் ஏணியைப் பிடித்துவிட்டு வந்து எங்கள் வீட்டுக்கு வயர் இழுக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் தொழினுட்பக் கல்லூரிகளிலும் முறையாகப் படித்து என்.வி.கியூ. சான்றிதழோடு வரலாம். கெட்டிக்காரப் பிள்ளைகளும் போக வேண்டிய பாதை அது. வேலைக்குக் கூப்பிடும்போது சான்றிதழைக் கேட்கிற பழக்கம் வந்தால், அதை எடுக்கிற பழக்கமும் வரும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் வலுவும் மின்னோட்டமும் கணக்குச் செய்து முழுப் புள்ளி எடுக்கிறார்கள். ஒரு பிளக்கைக் கழற்றி மண்ணிற வயர் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் ஏர்த் என்று தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நாளைக்கு அந்த ஈரமான அறைக்குள் நிற்கப் போவது அவர்கள்தான். கரண்ட் இல்லாத ஒரு பிளக், ஒரு திருப்புளி, ஒரு பாடவேளை போதும். எல்லாப் பாடசாலையிலும் இதைச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். இன்று இரவுக்குள் கரண்ட் இருக்கும்போது அதை ஒரு தடவை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் அல்ஹம்துலில்லாஹ், திரும்பத் தூக்கிவிட்டு மாதம் ஒரு தடவை இதையே செய்யுங்கள். விழவில்லை என்றாலோ, அப்படி ஒரு சுவிட்சே போர்டில் இல்லை என்றாலோ, நாளைக் காலையில் முதல் வேலை அதுதான். என்ன நடந்தது என்று கீழே எழுதுங்கள். உங்கள் உம்மாவின் வீட்டுப் போர்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.