நூலுக்கு ஈரம், கண்ணுக்கு எரிச்சலா?

எங்க ஊர் பேரைச் சொன்னாலே வகுப்பில் சிரிப்பார்கள். நெருப்பெரிச்சல். "பேர்லயே எரிச்சல் இருக்குதேடா!" சிரிங்க, பரவாயில்லை. ஒரு நாள் ஷிப்ட் விடுகிற நேரத்தில் எங்க ஊருக்கு வந்து, பனியன் கம்பெனி வேனில் இருந்து இறங்குகிறவர்களின் கண்ணைப் பாருங்கள். அப்புறம் சிரிப்பு வராது.

எங்க அம்மா செக்கிங்கில் இருக்கிறார். டியூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் துணியை விரித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல், பிசிர் எல்லாவற்றையும் கண்ணாலேயே பொறுக்கி எடுக்கும் வேலை. ஷிப்மெண்ட் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் முதல் வார்த்தை, "கண்ணுக்குள்ள மண்ணள்ளிப் போட்டாப்ல இருக்குது சாமி."

இதற்கு ஊரில் மூன்று பதில்கள் தயார். பக்கத்து வீட்டில், "செல்லு பாக்கறதக் கொறைங்கக்கா." (அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்!) சூப்பர்வைசர், "மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காருங்க." மெடிக்கலில், சீட்டே கேட்காமல் ஒரு சொட்டு மருந்து. மூன்றும் தப்பு. மூன்றும் குற்றத்தை அம்மாவின் கண் மேலேயே போடுகின்றன. அந்த மேஜையைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை.

கண்ணீர் என்பது வெறும் தண்ணீர் இல்லைங்க. அடியில் கோழை மாதிரி ஒரு வழவழப்பு, அதற்கு மேல் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். தண்ணீர் ஆவியாகாமல் காப்பது அந்த எண்ணெய்தான். அதைச் சுரப்பவை இமை ஓரத்தில் இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். இமையை முழுதாக மூடித் திறந்தால்தான் எண்ணெய் சரியாக வெளியே வந்து பரவும். சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவை போல இமைக்கிறோம். எதையாவது உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். துணியில் ஊசி ஓட்டையைத் தேடுகிறவர் எங்கே இமைப்பார்? போதாததற்கு முகத்துக்கு நேரே ஃபேன், காற்று முழுக்கப் பஞ்சுத் தூசி.

காய்ந்த கண் எரியும். எரிந்தால் தானாகவே தண்ணீர் கொட்டும். "தண்ணியா ஊத்துது, இதுக்குப் பேரு வறட்சியா?" என்று அம்மாவே கேட்டார். ஆமாம், அதுவும் வறட்சியின் அடையாளம்தான். 2007லும் 2017லும் பல நாட்டுக் கண் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட 'டியூஸ்' அறிக்கைகள், இது பல காரணங்களால் வருகிற ஒரு நோய் என்றே சொல்கின்றன. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். செக்கிங் மேஜையில் அந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது அந்த மெடிக்கல் சொட்டுக்கு வருவோம். எனக்கு உண்மையான கோபம் இதில்தான். சிகப்பைப் போக்கும் சொட்டு ரத்தக் குழாயைச் சுருக்கும், அவ்வளவுதான்; ஈரம் தராது. நிறுத்தினால் சிகப்பு திரும்ப வரும். அதைவிட மோசம் டெக்சாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு சொட்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. போட்டதும் சுகமாகத்தான் இருக்கும். மாசக்கணக்கில் தானாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறி கிளாக்கோமா வரலாம், புரை வரலாம். கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. எரிச்சலுக்கு மருந்து வாங்கப் போய்ப் பார்வையையே விற்றுவிட்டு வருவதா?

வறட்சிக்கென்று இருப்பது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் மாதிரியான செயற்கைக் கண்ணீர். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2023ல் சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி அமெரிக்கா போன செயற்கைக் கண்ணீரோடு, அங்கே பரவிய ஒரு சூடோமோனாஸ் தொற்று இணைத்துப் பேசப்பட்டது. 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். மருந்து திரும்பப் பெறப்பட்டது. (இங்கே சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று நம் அதிகாரிகள் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்.) அதனால் பாட்டில் முனை கண்ணில் படக்கூடாது, ஒரே பாட்டிலை வீடே பங்கு போடக்கூடாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது... வேண்டாமே, ப்ளீஸ்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். நம்ம பக்கத்து நூற்பாலைகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று ஒன்று ஓடும். காற்று காய்ந்தால் நூல் அறும், பஞ்சு பறக்கும். அதனால் நூலுக்காகக் காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். ஈரம் எவ்வளவு என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். நூல் அறுந்தால் நஷ்டம் என்று கணக்குப் போடத் தெரிந்த தொழிலுக்கு, கண் காய்ந்தால் நஷ்டம் என்பது மட்டும் தெரியாதா?

செக்கிங் ஹாலில் ஈரம் ஏற்றச் சொல்லவில்லை. துணி கெட்டுவிடும், அது எனக்கும் தெரியும். நான் கேட்பதெல்லாம் ஃபேனை முகத்தில் இருந்து திருப்புங்கள், 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 விநாடி கண்ணை மூடவோ தூரத்தில் பார்க்கவோ விடுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை கண் மருத்துவரைக் கூட்டி வாருங்கள். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணி ஓய்வு கொடு என்றது. (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதுத் தொகுப்பு வந்துவிட்டது.) அந்த 5 மணி நேரம் காலுக்கும் இடுப்புக்கும் போட்ட கணக்கு. கண் அதற்கு ரொம்ப முன்னாலேயே காய்ந்துவிடும்.

"அதெல்லாம் பார்த்தா ஷிப்மெண்ட் போகுமா தம்பி?" என்பார்கள். அண்ணா, காய்ந்த கண்ணுக்குப் பார்வை மங்கி மங்கித் தெரியும். மங்கின கண்ணில் ஓட்டை தப்பும். தப்பின ஓட்டையை பையர் கண்டுபிடித்தால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். இதை உங்கள் பாஷையிலேயே சொல்லியாகிவிட்டது.

வீட்டில் இப்போது ராத்திரி வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடின இமை மேல் பத்து நிமிஷம் வைக்கிறோம். அடைபட்ட எண்ணெய் இளகும். அம்மாவுக்கு ஓரளவு பரவாயில்லை. ஆனால் காலையில் மறுபடியும் அதே மேஜை, அதே ஃபேன். அதைத் திருப்பி வைக்கச் சொல்லி இரண்டு மாசம் முன்னால் கேட்டார். எலக்ட்ரீஷியன் வரட்டும் என்றார்களாம். போன வாரம் ஒரு ஓவர்லாக் மெஷின் நின்றுபோனது. எலக்ட்ரீஷியன் பத்தே நிமிஷத்தில் வந்தார், மெஷினைச் சரி பண்ணினார், போய்விட்டார்.