சாரல் விழுந்தா மாடி ஒழுகுதா? காண்டிராக்டரை விடாதீங்க!

தென்காசி: குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கே கொண்டாட்டம். புதுசா வீடு கட்டியவர்களுக்கோ திண்டாட்டம்! மாடி ஒழுகுது, சுவர் விரியுது. கட்டியவரைக் கேட்டால், "காத்து மழைக்கு அப்படித்தான்" என்று கழன்று கொள்கிறார்.

பில்டர் கட்டி விற்ற பிளாட் என்றால் 2016-ம் ஆண்டு ரெரா சட்டம் இருக்கிறது. சாவி வாங்கிய 5 ஆண்டுக்குள் குறையைச் சொன்னால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். தவறினால் நஷ்டஈடு.

ஆனால் நம்ம பக்கம் பெரும்பாலும் சொந்த மனையில் காண்டிராக்டு விட்டுத்தானே கட்டுகிறார்கள்? அவர்களுக்கு நுகர்வோர் கோர்ட்டுதான். வீடு கட்டித் தருவதும் சேவையே என லக்னோ வளர்ச்சிக் குழும வழக்கில் 1993-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. குறை தெரிந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

சிக்கலே வேறு. ஒப்பந்தம் வாய்ப்பேச்சு, பணம் ரொக்கம், கணக்கு துண்டுச்சீட்டு. கோர்ட்டில் எதைக் காட்டுவது? ஒழுகும்போதே தேதியோடு போட்டோ எடுத்து, வேறு என்ஜினீயரிடம் அறிக்கை வாங்கி, ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் விட்டால் கேஸ் நிற்கும்.

சீசனுக்கு வாடகை விட காட்டேஜ் கட்டியவர்கள் கவனிக்க: 'வியாபாரம்' என்று நுகர்வோர் கோர்ட்டு தள்ளிவிடலாம். பிழைப்புக்குத் தானே நடத்துவதாகக் காட்டினால்தான் வழி. இல்லாவிட்டால் 3 ஆண்டுக்குள் சிவில் கோர்ட்டு.