வெளிச்சம் மீனுக்கா, நமக்கா?

2022 மார்ச் மாதக் கடைசி ஞாபகம் இருக்கும்தானே? 31ஆம் திகதி 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்தக் கிழமை. நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரியில் ஒரு துண்டு எல்.ஈ.டி. ஸ்டிரிப்பைப் பொருத்தி, படிக்கிற மேசைக்கு லைட் செய்தேன். அது பளிச்சென்று எரிந்ததும் எனக்குப் பெரிய புளுகம். மிச்சமிருந்த துண்டை மீன் தொட்டிக்கு மேலே ஒட்டிவிட்டேன். இருட்டுக்குள்ள கிடக்குதுகள், பாவம் என்ற நினைப்பு.

விடியப் பார்த்தால் நாலு கோல்ட்பிஷ்ஷில் மூன்று செத்து மிதந்தன. லைட் மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் போனதோடு எயார் பம்ப்பும் நின்றுபோனது என் மண்டையில் ஏறவே இல்லை. 20 பாகை செல்சியஸ் தண்ணீர் ஒரு லீட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். திருகோணமலை வெக்கையில் நம் வீட்டுத் தொட்டி எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. சின்னத் தொட்டி, நாலு பெரிய மீன், பம்ப் இல்லை. ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு இருந்திருந்தால்கூட கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கும். நான் கொடுத்தது வெளிச்சம்.

இப்போது வந்தாறுமூலையில் கலைப்பீடத்தில் படிக்கிறேன். வீட்டில் அதே தொட்டி இருக்கிறது, மேலே நான் செய்த புது லைட் இருக்கிறது. மீன் வளர்க்கிறவர்கள் தொட்டி லைட்டைத் தாங்களே செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. காசு மிச்சம் பிடிக்கத்தான் முதலில் தொடங்கினேன், ஒளிக்க ஒன்றுமில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதில் எல்லாச் சாமானோடும் சேர்த்து தொட்டி லைட்டும் எட்டாத விலைக்குப் போனது. ஆனால் செய்யச் செய்ய வேறொன்று விளங்கியது. கடையில் பெட்டியோடு வாங்கும்போது எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணித்தியாலம், யாருக்கு என்ற கேள்விகள் வருவதே இல்லை. ஸ்டிரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த இடத்தில் வெட்டுவது என்று யோசிக்கும்போது அவ்வளவும் வரும்.

பக்கத்து வீட்டு மாமா கடல்தொழில் செய்கிறவர். நான் சோல்டர் பண்ணுவதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன பிள்ளை, மீனுக்கு லைட் போடுறியா? நாங்க லைட் போடுறது மீனைப் பிடிக்க."

சும்மா பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் துறைமுகப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு அது தெரிந்த கதைதான். இரவில் டச்பேயில் நின்று பார்த்தால் கடலில் வரிசையாக வெளிச்சம் தெரியும். வெளிச்சத்துக்குச் சின்ன மீன் வரும், அதன் பின்னால் பெரியது வரும், கணவாய் வரும். அளவு மீறிப்போய் பெரிய லைட் பாய்ச்சி மொத்தமாக அள்ளும்போது சிறுதொழில் மீனவர்களின் வயிற்றில் அடி விழுகிறது. 2018இல் முல்லைத்தீவு மீனவர்கள் வீதிக்கு இறங்கியதற்கு ஒளிபாய்ச்சி மீன்பிடிப்பதும் ஒரு காரணம். மீனுக்கு வெளிச்சம் என்பது சும்மா அலங்காரமில்லை, அதன் போக்கையே மாற்றுகிற ஒன்று என்று கடலுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். வீட்டில் தொட்டி வைத்திருக்கிற நாங்கள்தான் அதை மறந்துவிடுகிறோம்.

கோல்ட்பிஷ்ஷுக்கு இமை கிடையாது. லைட் எரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு படுக்க அதால் முடியாது. ரீல்ஸ் வீடியோவுக்காக விடிய விடிய நீலமும் ஊதாவுமாக மினுங்கும் தொட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு இப்போது அதுதான் ஞாபகம் வரும். அந்த வெளிச்சம் எங்களுடைய கண்ணுக்கும் போன் கமராவுக்கும்தான். தொட்டிக்குள் உண்மையாக வெளிச்சம் தேவைப்படுவது செடிகளுக்கு. அதுவும் ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் காணும். அதற்கு மேல் எரித்தால் லாபம் பாசிக்குத்தான்: கண்ணாடி பச்சையாகும், பிறகு தண்ணீரும் பச்சையாகும்.

இதில் இன்னொரு வேடிக்கை. உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் நடுகிற கிரிப்டோகொரைன் வென்டி என்ற செடி இலங்கைக்கே உரியது. செரி பார்ப், பிளாக் ரூபி பார்ப் என்று கடையில் பார்க்கிற மீன்களும் அப்படித்தான், தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளைச் சேர்ந்தவை. அந்த ஓடைகளுக்கு மேலே காடு கவிந்து கிடக்கும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். நிழலில் வாழப் பழகிய நம் நாட்டுச் செடிக்கும் மீனுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய லைட்டை வாங்கிப் போட்டுவிட்டு, 'ஏன் பாசி பிடிக்குது' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, எப்படிச் செய்தேன் என்பதற்கு வருகிறேன். என்னுடையது இரண்டடித் தொட்டி. மீட்டருக்கு 4.8 வாட்ஸ் என்று போட்டிருக்கிற 12 வோல்ட் வெள்ளை ஸ்டிரிப்பில் 60 சென்டிமீட்டர் துண்டுகள் மூன்று. மொத்தம் 1.8 மீட்டர், கிட்டத்தட்ட 8.6 வாட்ஸ். பழைய ரவுட்டரின் 12 வோல்ட், 1 அம்பியர் அடப்டர் 12 வாட்ஸ் கொடுக்கும், ஆகவே தாராளம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் எரித்தாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்டைச் சுற்றித்தான் வரும்.

இந்த ஸ்டிரிப்பை மூன்று மூன்று எல்.ஈ.டி.யாகத்தான் வெட்டலாம். ஏன் என்று நீண்ட நாளாக எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளை எல்.ஈ.டி. எரிய ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். மூன்றைத் தொடராகக் கோர்த்தால் 9. மிச்ச 3 வோல்ட்டைப் பக்கத்தில் இருக்கிற குட்டி ரெசிஸ்டர் சூடாக்கி விடுகிறது. கரண்டில் காற்பங்கு இப்படியே போய்விடும். சூட்டில் ஸ்டிரிப்பின் பசை கழன்று தண்ணீரில் விழாமல் இருக்க, அலுமினிய ஜன்னல் செய்கிற இடத்தில் கழிவுத் துண்டு ஒன்று வாங்கி அதில் ஒட்டினேன். சோல்டர் பண்ணிய இடங்களைச் சிலிக்கனால் மூட வேண்டும். இங்கே உப்புக்காற்று. மூடாமல் விட்ட என் முதல் லைட்டின் செம்பு சில மாதத்தில் பச்சை பூத்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். 230 வோல்ட்டைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். வீட்டு பல்பைக் கழற்றி வயரோடு தொட்டி மூடியில் தொங்கவிடுகிற யூடியூப் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பார்த்துவிட்டுக் கடந்து போங்கள். அடப்டர் தொட்டியிலிருந்து தள்ளி இருக்கட்டும். அதிலிருந்து வருகிற வயர் பிளக்கை விடக் கீழே ஒருமுறை தொங்கி மேலே போகட்டும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் பிளக்குக்குப் போகாமல் கீழே சொட்டும். தொட்டிக்குள் கை வைக்க முதல் பிளக்கைக் கழற்றுங்கள். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அதன் டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கள்.

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டவர்கள் உண்டு. ஏ.எல்.லில் எந்தப் பிரிவு எடுத்தோம் என்பதை வைத்து யார் சோல்டரிங் அயன் பிடிக்கலாம் என்று தீர்மானிக்கிற பழக்கம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. பெண் பிள்ளை என்றால் அதற்கு மேலே இன்னொரு பூட்டு. மேலே எழுதிய கணக்கைப் பாருங்கள், பெருக்கலும் கழித்தலும்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்யும்.

செய்யப் பழகியதும் அடுத்த ஆசை வரும்: கடல் தொட்டி, பவளப்பாறை. அங்கே நான் நின்றுவிட்டேன். பவளத்துக்குள் வாழ்கிற நுண்பாசிகளுக்கு நல்ல வெளிச்சம் தேவை, அந்த லைட்டையும் முயன்றால் செய்துவிடலாம். ஆனால் பவளம் எங்கிருந்து வரும்? நிலாவெளிக்கு முன்னால் இருக்கிற புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுப்பது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். படகில் போனால் தண்ணீருக்குள் பார்க்கலாம், அதுவும் சூரிய வெளிச்சத்தில். அதைப் பெயர்த்துக்கொண்டு வந்து என் லைட்டுக்குக் கீழே ஏன் வைக்க வேண்டும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு புகுந்தது என்று சொல்லி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு நான் வீட்டில் நின்றேன். லைட்டைத் தொடவே இல்லை. சின்ன யூஎஸ்பி எயார் பம்ப்பைப் பவர் பேங்கில் போட்டேன். அம்மா கோப்பையோடு வந்து தண்ணீரை அள்ளி ஊற்றத் தொடங்கினார். பின்னேரம் கரண்ட் வந்தபோது எல்லா மீனும் ஓடித்திரிந்தன.

இப்போது லைட்டுக்கு ஒரு டைமர் போட்டிருக்கிறேன். பகல் ஒரு மணிக்கு எரியும், இரவு ஒன்பதுக்கு நிற்கும். ஹொஸ்டலில் இருக்கும்போது அந்த நேரத்துக்கு அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் வரும்: "லைட் நிண்டுட்டுது. மீன் படுத்திட்டுதுகள். நீயும் படு."