மழையும் அதன் வழியும்

மதீனாவில் ஒரு வெள்ளிக்கிழமை. பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று குத்பா நிகழ்த்திக் கொண்டிருக்கையில் ஒருவர் பள்ளிக்குள் நுழைந்து, கால்நடைகள் மடிவதையும் வழிகள் அற்றுப்போனதையும் கூறி, மழைக்காக இறைஞ்சுமாறு வேண்டினார். அண்ணலார் கரங்களை உயர்த்தினார்கள். மேகத் துணுக்கும் இல்லாதிருந்த வானில், ஸல்உ மலைக்கு அப்பாலிருந்து கேடயம் போன்ற முகிலொன்று எழுந்து, பரந்து, பொழியலாயிற்று. ஒரு வாரம் மக்கள் கதிரவனையே காணவில்லை. அடுத்த ஜும்ஆவில் அதே வாயில் வழியே ஒருவர் வந்தார். இம்முறை முறையீடு வேறு; மழையை நிறுத்தச் சொல்லி இறைஞ்சுமாறு வேண்டினார். இந்நிகழ்ச்சியை அறிவிக்கும் அனஸ் (ரலி) அவர்கள், அவர் முதலில் வந்த மனிதர்தாமா என்பது தமக்குத் தெரியாது என்றும் கூறியுள்ளார்கள்.

அன்பர்களே! அப்போது அண்ணலார் கேட்ட துஆவைச் சற்றே ஊன்றிக் கவனியுங்கள். மழையே வேண்டா என்று அவர்கள் கேட்கவில்லை. ஊரின் மீது பெய்யாமல் சுற்றுப்புறத்தில் பெய்யட்டும். குன்றுகளிலும் மேடுகளிலும் ஓடைகளின் உள்ளேயும் மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்றே இறைஞ்சினார்கள். இறையருளை விலக்காமல், அது சேர வேண்டிய இடத்தை வேண்டிய துஆ அது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைத் தென்பாண்டி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதிலும் பெறும் சராசரி மழையினும் இது மிகுதி. தாமிரபரணி கரை கடந்தது, குளங்கள் உடைந்தன, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் நீரில் மிதந்தன.

இத்தகைய வேளையில், பாவத்தின் தண்டனை இது என்று சிலர் எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். நீரில் மூழ்கி உயிர் நீத்தவருக்கு ஷஹீதின் தகுதி உண்டென்று நபிமொழி கூறுவதை அவர்கள் நினைவிற்கொள்வது நலம். வணக்கத்திலும் மார்க்கம் எளிமையையே நாடியிருக்கிறது. கடுமழையின்போது வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கிலேயே அறிவிக்கச் செய்த முன்மாதிரி உண்டு. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், மழை காரணமாக இரு தொழுகைகளை இணைத்துத் தொழவும் சலுகை உண்டு. இடுப்பளவு நீரில் முதியவரைப் பள்ளிக்கு இழுத்துவருவது பக்தியாகாது.

அந்நாட்களில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே தவித்தனர். அருகிலிருந்த சிற்றூர் மக்கள், தாங்களே நீரால் சூழப்பட்டிருந்தும், சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். எந்த ஊர், எந்தச் சமயம் என்று அவர்கள் வினவவில்லை. அண்டை வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவரைப் பெருமானார் கண்டித்தபோது, அண்டை வீட்டாரின் சமயத்தைக் குறிப்பிடவில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பாருங்கள்.

மழைக்காலத்தில் நாம் வாரி வழங்குகிறோம். கோடையில் நாம் செய்வதென்ன? அதைப் பற்றிப் பேசத்தான் நமக்குத் தயக்கம். 95 செண்டிமீட்டர் மழையை எந்த வாய்க்காலும் முழுமையாகத் தாங்காது, உண்மைதான். ஆனால் வந்த நீர் வடிய எத்தனை நாட்கள் ஆகும் என்பது மழையின் கையில் மட்டும் இல்லை. துஆவில் கேட்கப்பட்ட அந்த ஓடையின் உட்புறத்தில் இன்று யாருடைய வீடு நிற்கிறது? யாருடைய கடை நிற்கிறது? பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாகக் கைக்கொண்டவர் மறுமையில் ஏழு பூமிகளைக் கழுத்தில் சுமப்பார் என்ற எச்சரிக்கையைக் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். அயலவரின் சாண் நிலத்தை எடுத்தவர், அவரிடம் திருப்பிக் கொடுத்துப் பொறுத்தருளுமாறு கேட்கலாம். ஓடைப் புறம்போக்கை எடுத்தவர் எத்தனை பேரிடம் சென்று கேட்பார்? வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை எனில், நீரின் வழியில் நாமே எழுப்பிய சுவரை என்னவென்பது?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், கிராமப் புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மஹல்லாவின் மழைநீர் கடலையோ குளத்தையோ சென்றடையும் வழி நெடுகிலும் நடந்து பாருங்கள். பிற சமயத்துப் பெரியவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். குறுக்கே நிற்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வக்ஃபுச் சுவராயினும் விட்டுவிடாதீர்கள்.